கோரிமேட்டைத் தாண்டாத வண்டி

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் வணக்கம்.

வரும் வெள்ளிக்கிழமையோடு நான் இந்தத் தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து ஓய்வு பெறுகிறேன். வயது இருபத்தெட்டு. ஓய்வு என்று சொன்னால் முதலாளி ஒத்துக்கொள்வதில்லை. "ஓடிப்போறான்" என்பதுதான் அவர் எல்லோரிடமும் சொல்வது. பேட்டரி வண்டி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த வண்டிகளுக்குப் புகைக்குழாயே கிடையாது. ஐந்து வருடம் புகைக்குழாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு இதைவிட நல்ல ஓய்வு எங்கே கிடைக்கும்?

போகிறவன் இருக்கிறவர்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போவது இந்தப் பட்டறையின் வழக்கம். எனக்கு முன்னால் போனவர் எனக்குச் சொன்னது இதுதான்: "ஜாக்கிய நம்பாத." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் இன்ஜினியரிங் படித்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். ஸ்பேனர் பிடிப்பதும் ஸ்கேனர் மாட்டுவதும் தானாகப் பழகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஒரு மீன் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்தச் சுவர். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் இடத்துக்கு மேலே சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: 'டெஸ்ட் டிரைவ் கோரிமேடு வரை மட்டும்.' டீசல் மிச்சம் பிடிக்கத்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். விஷயம் வேறு. நான் சேர்வதற்கு முன்பு ஒரு கஸ்டமரின் காரில் பின்பக்கம் ஏதோ கிணுகிணு என்று சத்தம் வருகிறதென்று நம் ஆள் ஒருவர் அதைத் திண்டிவனம் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். கோரிமேட்டைத் தாண்டினால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு. அங்கே போலீஸ் சோதனை. ஸ்டெப்னி வைக்கும் குழிக்குள் துணி சுற்றிய புதுச்சேரிச் சாராய பாட்டில்கள். சத்தம் எங்கிருந்து வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. நம் ஆள் அன்று முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கஸ்டமர் போனை எடுக்கவில்லை.

மறுநாளே முதலாளி பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டார். அதன் பிறகு ரொம்ப நாள் இங்கே பழுது பார்த்த எந்த வண்டியும் ஊரைத் தாண்டிச் சோதிக்கப்படவில்லை. நம் ஊரின் அளவு உங்களுக்கே தெரியும். கார் நான்காவது கியருக்கு வருவதற்குள் ஒரு சிக்னல் வந்துவிடும்.

இனி மீன் வண்டி. கோமதி அக்கா மீன் வியாபாரி, கடற்கரைக் குப்பத்துக்காரர். காலையில் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கடற்கரைப் பக்கத்து ஓட்டல்களுக்கும் லாஸ்பேட்டையில் ஒரு கேன்டீனுக்கும் சப்ளை செய்பவர். லோடு ஆட்டோக்காரன் வராத நாள்களில் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு கட்ட டிரைவிங் கற்றுக்கொண்டு, பெங்களூரிலிருந்து ஒரு பழைய ஏழு சீட் டீசல் கார் வாங்கினார். "ஹைவேல ஓடுன வண்டி, இன்ஜின் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று புரோக்கர் சொல்லியிருக்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. ஹைவேயில் ஓடிய வண்டிதான். வெண்ணெய் மாதிரிதான் இருந்தது. பின் சீட்டுகளை மடித்துவிட்டு அதன்மேல் மூன்று மீன் பெட்டிகளை வைத்தார் அக்கா. அன்றிலிருந்து அந்தக் காரின் வாழ்க்கை மாறிவிட்டது.

ஒரு மாதத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுத்தது. வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினேன். டிபிஎஃப் அடைப்பு என்று வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் அக்காவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்: புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. டீசல் புகையிலுள்ள கரியை அது பிடித்து வைக்கும். நிறைந்ததும் வண்டி தானாகவே அதைச் சூடாக்கிக் கரியை எரித்துவிடும். எரிக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும்.

"எரிக்க வேண்டியதுதானே? யாரு வாணாம்னது?" என்றார் அக்கா.

நியாயமான கேள்வி. நான் விளக்கை அணைத்து, ஒரு வால்வைச் சுத்தம் செய்து, கோரிமேடு சிக்னல் வரை போய்த் திரும்பினேன். வண்டி நன்றாக ஓடியது. கொடுத்தனுப்பினோம்.

இரண்டு வாரத்தில் பட்டறை வாசலில் ஹாரன். "தம்பி! ஒன் மச்சான் திரும்ப வந்துட்டான் பாரு!"

"யாருக்கா?"

"மஞ்ச லைட்டு."

சென்சாரை மாற்றினோம். கோரிமேடு, திரும்பு, கொடு. மச்சான் பத்தே நாளில் வந்துவிட்டார். இன்னொரு சென்சார். கோரிமேடு, திரும்பு, கொடு. அந்த முறை சாவியை வாங்கும்போது அக்கா என் கையிலிருந்த ஸ்கேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ இன்னா பண்ற? லைட்ட அணைக்கிறியா, வண்டிய ரிப்பேர் பண்றியா?"

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

நான்காம் முறை வந்தபோது அக்கா ஹாரன் அடிக்கவில்லை. காலை பத்து மணி வெயிலில், இரண்டாவது கியரில், பின்னால் ஒரு டெம்போக்காரன் திட்டிக்கொண்டே வர, மெதுவாக வந்து நின்றார். பெட்டிகளில் மீன் அப்படியே இருந்தது. கடற்கரை ஓட்டலுக்குப் போக வேண்டிய வஞ்சிரமும் சங்கராவும். வண்டி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது. ஓட்டல் சமையலறையின் பொறுப்பாளரை அக்கா முசியே என்பார். அவர் அன்று மீனைத் திருப்பிவிட்டார்.

"'நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன், லேட்டானா கடலூர்காரனுக்கு மாத்திடுவேன்'னுட்டாரு முசியே" என்றார் அக்கா. அவருடைய வியாபாரத்தில் பாதி அந்த ஓட்டல்தான். "தம்பி, நாளைக்குக் காலைல இது ஓடணும். எத்தப் பண்ணுவியோ தெரியாது."

முதலாளிக்குத் தெரிந்திருந்தது. "வடிகட்டியக் கழட்டி உள்ள இருக்கறதக் குடைஞ்சி எடுத்துடலாம். கம்ப்யூட்டர்ல புரோகிராம மாத்திவுட நமக்கு ஆளு இருக்குது. சாயந்தரம் வண்டி ரெடி. அப்புறம் லைட்டும் வராது, ஒரு மண்ணும் வராது."

"அத்தப் பண்ணு" என்றார் அக்கா.

கவனியுங்கள், இந்த வேலையில் அடிக்கடி வரும் இடம் இதுதான். தவறான வழி நிச்சயமாக வேலை செய்யும். குடைந்தால் வண்டி ஓடும், சந்தேகமே இல்லை. கஸ்டமர் கேட்கிறார், முதலாளி சரி என்கிறார், மறுக்கிற ஒரே ஆள் மூன்று முறை தோற்றவன். அது சட்டப்படி கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "ஓட்டல்ல போய் சட்டத்த எறக்கிக் குடுக்கட்டுமா?" என்று கேட்டார் அக்கா.

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் பானெட்டைத் திறப்பேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாசம்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஆயிலு கொறையும்னுதான் கேள்விப்பட்டிருக்கேன். இது ஏறுது. இன்னா, ஊறுதா?"

கரியை எரிக்க வண்டி கொஞ்சம் அதிக டீசலை உள்ளே விடும். எரிப்பது பாதியில் நின்றுபோனால் மிச்ச டீசல் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் இவ்வளவு ஏறியிருக்கிறது என்றால், வண்டி தினமும் எரிக்க ஆரம்பித்திருக்கிறது, தினமும் யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள். வண்டியில் கோளாறே இல்லை. அது தன் வேலையைச் செய்யக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அக்கா, காலைல கெளம்பினதுலேந்து என்னென்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"துறைமுகத்துல நிப்பேன். பொட்டிய ஏத்திட்டு ஏசி போட்டுடுவேன். ஏலம் முடிய நேரமாகும்ல."

"இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்குமா?"

"ஏசி பின்ன எப்படி ஓடும், வேண்டுதல்லயா? அப்புறம் ஓட்டல் பின்வாசல்ல நிப்பேன். முசியே ஒவ்வொரு மீனா செவுள விரிச்சிப் பாத்து எடுப்பாரு. அதுவரைக்கும் ஏசி. அப்புறம் அடுத்த ஓட்டலு."

"ஐஸ்தான் இருக்குதே?"

"ஐஸ் உருகும். ஏசி உருகுமா?"

ஏழு பேர் உட்காரும் காரை அக்கா இன்ஜின் வைத்த ஐஸ் பெட்டியாக நடத்திக்கொண்டிருந்தார். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் கரியைச் சேர்க்கும். நகர்ந்தால் நகரத்துக்குள் பத்து நிமிடம், அதற்குள் அடுத்த பின்வாசல். வடிகட்டி சூடேறி எரிக்க ஆரம்பித்ததுமே வண்டியை நிறுத்திவிடுவார், சூடு இறங்கி எரிப்பது பாதியில் நின்றுபோகும். நாங்கள் மூன்று முறையும் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டோம். எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. எங்கள் சோதனையும் அதே லட்சணம்தான். கோரிமேடு சிக்னல் வரை போனால் டீ கூடச் சூடாகாது.

நான் முதலாளியிடம் போனேன். "ஆயில மாத்திட்டு, நிக்காம அரை மணி நேரம் ஹைவேல ஓட்டணும். தானா எரிஞ்சிடும்."

"எந்த ஹைவே?"

"திண்டிவனம் ரோடு."

அவர் சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கரி அளவு லிமிட்டுக்குப் பக்கத்துல நிக்குது மொதலாளி. இன்னும் ஒரு தடவ பாதில நின்னுச்சின்னா, இனிமே எரிக்க மாட்டேன்னு வண்டியே பூட்டிக்கும். அப்ப புது வடிகட்டிதான். அது வண்டி வெலைல பாதி. இன்னிக்கு ஒரு தடவ. மூணு மணிக்குள்ள சரியாகலன்னா நானே கழட்டித் தரேன், நீங்க குடைங்க."

முதலாளி யோசித்தார். "அந்தம்மாவும் கூட வரட்டும். அவுங்க வண்டி, அவுங்க பாட்டிலு."

"யாரு வண்டில பாட்டிலு?" அக்காவின் குரல் ஷட்டர் வரை போய்த் திரும்பியது. "என் வண்டில மீனத் தவிர ஒரு முள்ளு இருக்காது!"

பெட்டிகளை இறக்கிவைக்கலாம் என்றேன். மறுத்துவிட்டார். திண்டிவனம் பக்கம் கடல் மீனுக்கு ஆலாய்ப் பறப்பார்கள், வழியில் யார் தலையிலாவது கட்டிவிடலாம் என்றார். ஆயிலை மாற்றி, புது ஐஸ் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

டோல்கேட்டைத் தாண்டிய பிறகு மூன்றாவது கியரில் பிடித்து, இன்ஜின் சுற்று குறையாமல் ஓட்டினேன். ஸ்கேனரை அக்கா மடியில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் வெப்பம் ஏறியது. அறுநூறு டிகிரி.

"எரியுதுக்கா."

"எத்தன நாளு கரி! எரியட்டும்."

கிளியனூருக்கு முன்னால் சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு எஸ்.ஐ., கூட ஒரு ஏட்டு. புதுச்சேரி நம்பர், ஓட்டுகிறவன் சின்னப் பையன், பின்னால் மூன்று பெட்டி. நானாக இருந்தாலும் நிறுத்தியிருப்பேன். ஏட்டு இடது ஓரத்தைக் காட்டினார். ஓரம் முழுக்க வெயிலில் காய்ந்து முறுகிய புல், அதன்மேல் சவுக்குச் சருகு. வண்டிக்கு அடியில் அறுநூறு டிகிரி.

நான் ஓரம் கட்டவில்லை. தாருக்கு மேலேயே நிறுத்தி நான்கு விளக்கையும் போட்டேன்.

எஸ்.ஐ. வேகமாக வந்தார். "ஓரங்கட்டச் சொன்னா நடு ரோட்ல நிறுத்துற? ஓடலாம்னு பாக்குறியா?"

"சார், அடியில குழாய் கொதிக்குது. புல்லு மேல ஏத்தினா பத்திக்கும்."

"கத சொல்லாத."

ஏட்டு குனிந்து பார்த்தார். குனிந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் நிமிர்ந்தார். "சார், அனலடிக்குது சார்."

"சரி, இன்ஜின ஆஃப் பண்ணிட்டு எறங்கு."

"ஆஃப் பண்ணா இவுங்க வண்டி அவ்ளோதான் சார்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சந்தேகமாக ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. எஸ்.ஐ.யின் கை ஜன்னல் வழியாகச் சாவிப் பக்கம் வந்தது. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த இடத்தில் நான் வடிகட்டியைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்திருப்பேன், படம் கூட வரைந்திருப்பேன். ஆனால் அவருக்கு வடிகட்டியைப் பற்றி எந்தச் சந்தேகமும் இல்லை. இன்ஜின் ஓடினால் நான் ஓடிவிடுவேன் என்பதுதான் அவர் கவலை. அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

"சார், நான் எறங்கி அந்தத் தடுப்பாண்ட போய் நிக்கிறேன். ஏட்டய்யா என் சீட்ல உக்காரட்டும். அக்கா பெட்டியத் திறந்து காட்டுவாங்க. இன்ஜின் மட்டும் ஓடட்டும்."

எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏட்டைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கினேன். ஏட்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, எரிய ஆரம்பிச்ச சூடு எறங்காம ஆக்சிலேட்டர லேசா மிதிச்சிக்கிட்டே இருங்க. இன்ஜின் சுத்து காட்டுற முள்ளு ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"சார் சோதிச்சி முடிக்கிற வரைக்கும்."

சோதனை முடிய நேரமானது. அக்கா முதல் பெட்டியின் மூடியைத் திறந்தார். ஐஸை அள்ளிப் போட்டுத் தேடப் போன எஸ்.ஐ.யின் கையைத் தடுத்தார். "சார், ஐஸ சிதறாதீங்க, மீனு வெந்துடும். நானே எடுத்துக் காட்டுறேன்." ஒவ்வொரு மீனாக எடுத்தார், செவுளை விரித்துக் காட்டினார், பெயர் சொன்னார், திருப்பி வைத்து ஐஸ் மூடினார். முசியேவிடம் பழகிய கை. பாட்டில் தேட வந்தவருக்கு இரண்டாவது பெட்டியில் சங்கராவின் கண் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் ஸ்கேனர் இல்லை. அது முன் சீட்டில் கிடந்தது.

"ஏட்டய்யா! அதுல கரி அளவு எவ்ளோ காட்டுது?"

"அம்பத்தி நாலு!" என்று கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "நாப்பத்தி ஒண்ணு!" என்றார். பிறகு அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. "முப்பதுக்குக் கீழ வந்துடுச்சி தம்பி! காலு வலிக்குது, விட்டுடவா?"

"விட்டுடாதீங்கய்யா!"

எஸ்.ஐ. மூன்றாவது பெட்டியில் கடைசி வஞ்சிரத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஸ்டெப்னி குழியையும் திறந்து பார்த்தார். அங்கே ஸ்டெப்னி இருந்தது.

"ஏம்மா, இது என்ன விலை?"

"வெல சொல்றேன் சார். ஆனா போலீஸுன்னு கொறைக்க மாட்டேன்."

"டூட்டில வாங்கறதில்லம்மா. சும்மா கேட்டேன்."

காரின் உள்ளேயிருந்து ஏட்டின் குரல் வந்தது. "சார், நம்ம போலீஸ் குவார்ட்டர்ஸ்ல கேட்டா வாங்கிக்குவாங்க சார். பதினெட்டு! தம்பி, பதினெட்டு!"

ஸ்கேனரில் வேலை முடிந்தது என்று வந்ததும் ஏட்டு காலை எடுத்தார். நொண்டிக்கொண்டே இறங்கினார். அவர்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் அரை மணி நேரத்தில் மூன்று பெட்டியும் காலி. நான் பக்கத்தில் நின்று ஒரே ஒரு வேலை செய்தேன். அதுவரை வண்டியை ஓட்டிவந்த அக்கா வழக்கம்போல இன்ஜினை ஓடவிட்டு இறங்கினார். நான் கையை விட்டு அணைத்தேன்.

"ஏய், மீனு!"

"ஐஸ் இருக்குதுக்கா."

திரும்பும்போது வண்டி எண்பதில் சிரமமில்லாமல் வந்தது. மூன்று மணிக்கு முன்பே பட்டறையில் இருந்தோம். முதலாளி குடைகிற கம்பியைத் தயாராக எடுத்துவைத்திருந்தார். மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "பாட்டிலு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை அக்கா நேரத்துக்கு ஓட்டல் பின்வாசலில் நின்றார், இன்ஜினை அணைத்துவிட்டு. கடலூர்காரனும் அங்கே நின்றான். முசியே முந்தின நாள் மாலையே அவனுக்குப் போன் போட்டிருந்தார். இருவரிடமும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டார். இன்று வரை அப்படித்தான். இழந்த பாதியை அக்கா கிளியனூர் பக்கம் போய் ஈடுகட்டுகிறார். வாரம் ஒரு முறை, புதன்கிழமை, மூன்று பெட்டி மீனோடு கோரிமேட்டைத் தாண்டுகிறார். போகிற வழியில் கரி எரிந்துவிடுகிறது. மஞ்சள் விளக்கு அதன் பிறகு வரவில்லை. அந்தக் கடைசி முறை நாங்கள் எந்தப் பாகத்தையும் மாற்றவில்லை. ஆயிலையும் புதன்கிழமையையும் மாற்றினோம், அவ்வளவுதான்.

சுவரில் சிவப்பு எழுத்துக்குக் கீழே நீலத்தில் ஒரு வரி இருப்பதையும் பார்த்திருப்பீர்கள்: 'தாண்டினால் வண்டிக்காரர் கூட வர வேண்டும்.' அது அந்த வாரம் எழுதியது. மீறாதீர்கள். உங்களுக்கு வரும் எல்லா வண்டியிலும் வஞ்சிரம் இருக்காது.

கடைசியாக ஒன்று. சில புதன்கிழமைகளில் கடல் சரியில்லாமல் அக்கா போகமாட்டார். அன்று மாலை பட்டறைக்குப் போன் வரும். ஏட்டுதான். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "அந்தம்மா வண்டி இன்னிக்கு வரலியே தம்பி, மறுபடி லைட்டு எரியுதா?" என்றுதான் கேட்பார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தப் போனை நீங்கள் எடுக்க வேண்டியிருக்கும். வண்டி நல்லா இருக்குதுய்யா, கடல்தான் சரியில்ல என்று சொல்லுங்கள். அவருடைய கால் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அந்த வடிகட்டியைச் சரி செய்தவர் அவர்தான்.